மூச்சு வந்த பிறகும் மூளை ஏன் பாதிக்கப்படுகிறது?

கேள்வி: எங்கள் மகன் நிறைமாதத்தில் பிறந்தான். பிறந்ததும் அழவில்லை, சில நிமிடம் கழித்துத்தான் மூச்சு வந்தது. அன்றே வலிப்பு வந்தது. மூன்று நாள் உடலைக் குளிரவைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். இப்போது இரண்டு மாதம், நன்றாகப் பால் குடிக்கிறான். மூச்சுதான் திரும்பிவிட்டதே, அப்புறமும் மூளை ஏன் பாதிக்கப்பட வேண்டும்? நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மூச்சில்லாத அந்த நிமிடங்களிலேயே எல்லாம் நடந்து முடிந்துவிடுவதில்லை. பாதிப்பு இரண்டு கட்டமாக வருகிறது. குளிரவைத்ததன் காரணமும் அதுதான்.

ஆக்சிஜனும் ரத்த ஓட்டமும் குறைந்ததும் மூளை செல்களின் எரிசக்தி தீர்கிறது. உப்புகளைச் சமநிலையில் வைத்திருக்கும் பம்புகள் நிற்கின்றன. செல்களுக்கு வெளியே குளூட்டமேட் (மூளை செல்களைத் தூண்டும் வேதிப்பொருள்) தேங்கி அவற்றை ஓயாமல் தூண்டுகிறது. கால்சியம் உள்ளே பாய்கிறது. வளரும் மூளை புதிய இணைப்புகளை உண்டாக்கக் குளூட்டமேட்டைத்தான் நம்பியிருக்கிறது. அதனால் செல்களில் அதன் செய்தியை வாங்கும் ஏற்பிகள் இந்த வயதில் கூடுதல் வேகத்தோடு இயங்குகின்றன. கற்பதற்காக அமைந்த அந்த வேகமே இங்கே குழந்தைக்கு எதிராகத் திரும்புகிறது.

ரத்த ஓட்டம் திரும்பியதும் செல்கள் ஓரளவு தேறுகின்றன. ஏறக்குறைய ஆறு மணி நேரம் இப்படி நீடிக்கும். பிறகு, செல்லுக்கு எரிசக்தி தயாரிக்கும், ஏற்கெனவே அடிபட்ட மைட்டோகாண்ட்ரியாக்கள் செயலிழக்க, இரண்டாவது சரிவு தொடங்கி நாள்கணக்கில் தொடர்கிறது. வலிப்பு பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வரும். ஆகவேதான் ஆறு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, 72 மணி நேரம் உடல் வெப்பத்தை 33 முதல் 34 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கிறார்கள். இது இரண்டாவது சரிவை மட்டுப்படுத்தும். முழுக்கத் தடுக்கும் என்று சொல்ல முடியாது.

எந்தப் பகுதி அடிபட்டது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். நிறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் திடீரென்று முற்றிலும் தடைபட்டால் மூளையின் ஆழத்தில் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதிகள் பாதிக்கப்படும். நெடுநேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருந்தால் பெரும்பாலும் மேற்பகுதியில், பெரிய ரத்தக்குழாய்களின் எல்லைகள் சந்திக்கும் இடங்கள். குறைமாதக் குழந்தைக்கு வெண்பொருள், அதாவது மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகள் உள்ள பகுதி. எம்ஆர்ஐ எடுத்திருந்தால் எந்தப் பகுதி என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவனைப் பற்றி முன்கூட்டித் தெரிந்துகொள்ள அந்தப் பதில் மிகவும் உதவும்.

நன்றாகப் பால் குடிப்பது நல்ல அறிகுறி. ஆனால் 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால் காத்திருக்காதீர்கள். மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள், மல்லாந்து படுத்திருக்கும் குழந்தையின் இயல்பான அசைவுகளை வீடியோ எடுத்து மதிப்பிடும் பரிசோதனை இருக்கிறது. உட்காரும் வயது வருமுன்பே ஆபத்தைக் காட்டிவிடும். கட்டாயம் கேளுங்கள். பயிற்சி தேவைப்பட்டால் மூளை வேகமாக வளரும் முதல் வருடத்தில் தொடங்குவதே நல்லது. காது, கண் பரிசோதனையும், தலைச் சுற்றளவை அவ்வப்போது அளப்பதும் விட்டுப்போகக் கூடாது.

வீட்டில் பார்க்க வேண்டியவை: மூன்று மாதத்துக்குப் பிறகும் கை எப்போதும் முஷ்டியாகவே இருப்பது, நான்கு மாதமாகியும் தலை நிற்காதது, முகத்தைப் பார்த்துச் சிரிக்காதது, கால்கள் விறைத்துப் பின்னிக்கொள்வது, ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்துவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த செக்கப் வரை தள்ளிப்போட வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தாலும் பள்ளி வயது வரை தொடர்ந்து காட்டுங்கள். கவனம், கற்றல் சார்ந்த சிக்கல்கள் தாமதமாகத்தான் வெளிப்படும்.

ஸ்டெம்செல், அழுத்த ஆக்சிஜன் அறை என்று யாராவது நம்பிக்கை விற்றால் பணத்தை இழக்காதீர்கள். இறந்த செல்களை அவை மீட்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

ஒன்று மட்டும் அவசரம். வரும் மாதங்களில், குறிப்பாகத் தூங்கி எழுந்ததும், உடல் சட்டென்று மடங்கி விரிவதும் அது கொத்தாகத் திரும்பத் திரும்ப வருவதும் நடந்தால், திடுக்கிடல் என்று விட்டுவிடாதீர்கள். அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். போனில் படம் பிடித்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.