பட்டறைப் பதில்கள்: கண்மாயில் பாய்வண்டி

கேள்வி: அண்ணே, மெக்கானிக்கல் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். மூணு சக்கரத்தில் படகு மாதிரிப் பாய் கட்டி, காற்றாலேயே மணலில் ஓட்டும் வண்டியை வீடியோவில் பார்த்தேன். நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்று செய்து தொண்டிக் கடற்கரையில் ஓட்டப் போகிறோம். சைக்கிள் சக்கரம் போதுமா?
– வாசகர், தேவகோட்டை

போதாது தம்பி. அந்தத் தப்பை உங்களுக்கு முன்னாலேயே நான் செய்தாகிவிட்டது.

ஏழெட்டு வருஷம் முன்பு எனக்கும் இதே கிறுக்குப் பிடித்தது. பழைய இரும்புக் கடையில் எடைக்கு மூன்று சைக்கிள் சக்கரம், ஒரு இஞ்ச் ஜிஐ பைப், கொடிமரத்துக்கு முற்றின மூங்கில். பாய்க்கு அக்கா பேத்தியின் காதணி விழா ஃபிளெக்ஸ் பேனரை வெட்டிக்கொண்டேன். தொண்டியில் கொண்டுபோய் இறக்கி, காற்று ஏறியதும் நாற்பது அடி ஓடியிருக்கும். ‘சடக்’. பின்சக்கரம் அப்பளமாக மடங்கிவிட்டது. பேனரில் இருந்த தாய்மாமன்கள் ஆறு பேரும் கும்பிட்ட கையோடு மணலில் குப்புற விழுந்தார்கள். அடியில் நான்.

ஏன் மடங்கியது? சைக்கிள் திரும்பும்போது நீங்கள் உடம்பைச் சாய்க்கிறீர்கள், சக்கரமும் கூடவே சாய்கிறது. அதனால் பாரம் எப்போதும் ஆரக்கம்பியின் வாக்கிலேயே இறங்கும். பாய்வண்டி சாயாது. காற்று பாயைப் பக்கவாட்டில் தள்ளும், சக்கரம் வழுக்காமல் மணலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த இழுபறி முழுவதும் ரிம்மின் விலாவில் விழுகிறது. இரண்டு மூட்டை அரிசி தாங்குகிற சக்கரம் இதைத் தாங்காது. சிமெண்ட் கலவை தள்ளுகிற வீல்பேரோ சக்கரம் வாங்குங்கள். தகட்டு ரிம், அகலமான டயர். அச்சு 20 மில்லிமீட்டர் என்றால் 6004 பேரிங் கச்சிதமாக உட்காரும். கடல் மணலில் ஓட்டினால் அன்றைக்கே கழுவிக் கிரீஸ் வையுங்கள், மறுநாள் என்று விட்டால் உப்பு தின்றுவிடும்.

பின் அச்சு ஐந்தடிக்குக் குறையக் கூடாது. முன்சக்கரத்தைக் காலால் திருப்புங்கள், கைக்குப் பாயை இழுத்துப் பிடிக்கிற பாய்க்கயிறு இருக்கிறது. பாய் முதலில் நாற்பது சதுர அடி போதும். மூங்கில் நல்லது என்று பிறகுதான் எனக்கே புரிந்தது: பலத்த வீச்சு வந்தால் நுனி வளைந்து கொஞ்சம் காற்றைக் கொட்டிவிடும். அதே வீச்சுக்கு இரும்பு பைப் வண்டியையே கவிழ்க்கும்.

அடுத்தது இடம். வீடியோவில் நீங்கள் பார்த்தது அநேகமாக பெல்ஜியமோ பிரான்சோ. அங்கே கடல் நாலைந்து மீட்டர் ஏறி இறங்கும். வற்றிய நேரத்தில் ஈர மணல் சிமெண்டுத் தரை போலக் கெட்டியாக, நூற்றுக்கணக்கான மீட்டர் அகலத்துக்குக் கிடைக்கும். நம் பாக் நீரிணையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட இல்லை. கெட்டி மணல் ஒரு துண்டு அகலம்தான், அதற்கு மேலே புதைமணல், கீழே சேறு. மிச்ச இடத்தில் வலை காய்கிறது, கருவாடு காய்கிறது. அது மீனவர்கள் பிழைக்கிற இடம் தம்பி, நம் விளையாட்டுக்குக் கேட்பதே தப்பு.

ஆனி, ஆடியில் வறண்டு கிடக்கும் கண்மாயைப் பாருங்கள். மேல்காற்றும் அப்போதுதான். மாடு இறங்காத களிமண் படுகையாக, வெடிப்பு விரல் அகலத்துக்கு மேல் இல்லாததாகத் தேடுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஒரு முறை நடந்து பார்த்துச் சீமைக்கருவேல முள்ளைப் பொறுக்குங்கள். நான் பொறுக்காமல் ஒரே நாளில் நாலு பஞ்சர் ஒட்டினேன்.

கேள்வி: தள்ளுகிற காற்றைவிட வண்டி வேகமாக ஓடும் என்கிறான் என் பேரன். நம்பலாமா?
– வாசகி, கண்டனூர்

நம்பலாம் ஆச்சி. புளி ஊறவைத்துக் கரைக்கும்போது ஈரக் கொட்டையை இரண்டு விரலில் நசுக்கிப் பாருங்கள். விரல் அரை இஞ்ச் நகர்வதற்குள் கொட்டை அடுப்படி தாண்டிப் போய் விழும். அந்தக் கொட்டைதான் வண்டி. ஒரு விரல் பக்கத்திலிருந்து வரும் காற்று, இன்னொன்று பக்கவாட்டில் நகர மறுக்கும் சக்கரம்.

இன்னொன்றும் உண்டு. மொபெட்டில் போகும்போது காற்றே இல்லாத நாளிலும் முகத்தில் அடிக்கிறதல்லவா? வண்டி ஓட ஓட அந்தக் காற்றும் பாயில் சேர்ந்துகொள்கிறது. ஆனால் காற்று விலாவில் பட வேண்டும். முதுகில் வாங்கிக்கொண்டு நேராக ஓடினால் நம் மாதிரி வண்டி காற்றை முந்தாது.

2009இல் அமெரிக்காவின் ஐவன்பா வறண்ட ஏரியில் கிரீன்பேர்ட் என்ற வண்டி மணிக்கு 202.9 கிலோமீட்டர் ஓடியது. 2022 டிசம்பரில் நியூசிலாந்துக்காரர்கள் ஹோரோனுகு என்ற வண்டியை ஆஸ்திரேலியாவின் கெயர்ட்னர் உப்பு ஏரியில் 222.4 கிலோமீட்டருக்கு விரட்டினார்கள். அன்றைய காற்று ஏறக்குறைய 40தான். கவனித்தீர்களா, இரண்டும் கடற்கரையே இல்லை. அவர்கள் ஊர்க் கண்மாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதை முதலில் செய்தது யார்?
– வாசகர், பள்ளத்தூர்

யார் முதல் என்று அடித்துச் சொல்ல முடியாது, சீனாவில் தள்ளுவண்டிக்கே பாய் கட்டியிருக்கிறார்கள். பேர் வாங்கியவர் சைமன் ஸ்டெவின், இன்றைய பெல்ஜியத்தில் பிறந்து ஹாலந்தில் வேலை பார்த்த கணித மேதை. 1600ஐ ஒட்டி இளவரசர் மாரிஸுக்காகக் கட்டிய வண்டியில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஏறி, ஸ்கெவனிங்கனிலிருந்து பெட்டன் வரை இரண்டே மணி நேரத்தில் போனதாகச் சொல்வார்கள். குதிரைகள் பின்தங்கிவிட்டனவாம்.

கேள்வி: பிரேக்கே தெரியவில்லையே, எப்படி நிறுத்துவது?
– வாசகர், புதுவயல்

இதை முதலில் கேட்டிருக்க வேண்டும். பாய்க்கயிற்றை விட்டால் போதும், பாய் வெறும் துணியாகப் படபடக்கும், வண்டி தானாக ஓய்ந்துவிடும். இடம் இருந்தால் வண்டியை வந்த காற்றுக்கு எதிரே திருப்புங்கள், இன்னும் சீக்கிரம் நிற்கும். சொல்ல சுலபம்தான், பயத்தில் கை எதையாவது இறுக்கிப் பிடிக்கத்தான் பார்க்கும். பட்டறைப் பையன் ஒருவனை ஏற்றிவிட்டேன். கண்மாய்க்கரை நெருங்க நெருங்க “அண்ணே, அண்ணே” என்று கத்திக்கொண்டே கயிற்றை நெஞ்சோடு இழுத்துக் கட்டிக்கொண்டான். கரையில் பாதி ஏறி, கருவேலம் புதருக்குள் போய்த்தான் நின்றான். கயிற்றைக் கையில் சுற்றவே சுற்றாதீர்கள். ஹெல்மெட் கட்டாயம்.

வேப்பிலையும் சின்னக் குச்சியும் ஓயாமல் ஆடினால் காற்று மணிக்கு 12இலிருந்து 19 கிலோமீட்டர், பழக அது போதும். புழுதி கிளம்பிச் சின்னக் கிளையே ஆட ஆரம்பித்தால் பாயைச் சுருட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.