மேட்டில் இழுக்காத பைக்: கிளட்ச் அசெம்பிளியையே மாற்ற வேண்டுமா?

வண்டன்மேட்டில் ஏலத்தோட்டக் கணக்குப் பார்க்கும் வாசகர் கேட்கிறார்: "என்னுடையது 150 சிசி பைக். கம்பத்தில் ஆயில் மாற்றி இரண்டு வாரம் ஆகிறது. சமதரையில் நன்றாக ஓடுகிறது. மூட்டையோடு கம்பம்மெட்டு ஏறும்போது ரேஸ் கொடுத்தால் சத்தம்தான் கூடுகிறது, வண்டி இழுக்கவில்லை. கருகல் வாடை வேறு. ஹவுசிங்கோடு கிளட்ச் அசெம்பிளியையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றட்டுமா?"

அவசரப்படாதீர்கள். கிளட்ச் ஸ்லிப் ஆகிறது, அதாவது பிளேட் பிடிக்காமல் வழுக்குகிறது என்பது சரிதான். அதற்காக ஹவுசிங் (பிளேட்டுகளைத் தாங்கும் வெளிக்கூடு) வரை போக வேண்டியதில்லை.

முதலில் இன்ஜின் ஆறியிருக்கும்போது கிளட்ச் லிவரை ஒரு விரலால் இழுத்துப் பாருங்கள். கனம் தட்டுவதற்கு முன் அதன் நுனி 10 முதல் 15 மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும். பிளேட் தேயத் தேய இந்த ஆட்டம் குறையும். ஆட்டமே இல்லையென்றால் கேபிள் எந்நேரமும் கிளட்சை அரைகுறையாகப் பிடித்து இழுக்கிறது என்று அர்த்தம். அட்ஜஸ்டர் நட்டைத் திருகினால் போதும், காசு செலவில்லை.

அது சரியாக இருந்தால் என் சந்தேகமெல்லாம் அந்த ஆயில் மேல்தான். உங்கள் பைக்கில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே முங்கிக் கிடக்கின்றன. கார் ஆயில் பலவற்றில் வழுக்கலுக்கென்றே மருந்து சேர்த்திருப்பார்கள். அது பைக்குக்குள் போனால் பிளேட் பிடிக்காது. ஸ்கூட்டருக்கு வாங்கி மீந்ததை ஊற்றினாலும் இதே கதை. டப்பாவில் ஜே.ஏ.எஸ்.ஓ. (JASO, ஜப்பானிய ஆயில் தரக் குறியீடு) எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்க வேண்டும். எம்.பி. என்றிருந்தால் அது ஸ்கூட்டர் ஆயில். முன்பக்கம் ரேஸ் பைக் படத்தைப் பெரிதாகப் போடுகிறார்கள். வாங்குகிறவன் பார்க்க வேண்டிய இந்த இரண்டெழுத்தை மட்டும் பின்பக்கம் எறும்பு சைசில் அச்சடிக்கிறார்கள், அதுவும் இங்கிலீஷில். எந்த அதிகாரியும் இதைக் கேட்பதில்லை. பேரலிலிருந்து அளந்து ஊற்றும் ஆயிலுக்கு அந்த எழுத்தும் கிடையாது. சீல் உடைக்காத டப்பாவை உங்கள் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள். பிளேட் கருகாமல் இருந்தால் சரியான ஆயில் மாற்றியதுமே பெரும்பாலும் பிடிமானம் திரும்பும்.

உங்களுக்குக் கருகல் வாடை வந்துவிட்டதால் கிளட்ச் கவரைத் திறக்க வேண்டி வரலாம். திறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஸ்டீல் பிளேட்டை எடுத்துக் கண்ணாடி மேல் வையுங்கள். ஆடாமல் படிந்து, நீலம் பாய்ந்த திட்டு இல்லாமல் இருந்தால் அதையே போடலாம். ஹவுசிங் விரல்களின் (பிளேட் மாட்டும் நீட்சிகளின்) ஓரத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால்தான் ஹவுசிங் பேச்சே. இல்லையென்றால் ஃபிரிக்‌ஷன் பிளேட் (பிடிமானம் தரும் உராய்வுப் பிளேட்), ஸ்பிரிங், கவர் கேஸ்கெட், இவ்வளவுதான். புதுப் பிளேட்டைப் போடுமுன் ஆயிலில் ஊறவைக்க வேண்டும்.

இங்கேதான் ஏமாற்று. பழைய பிளேட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுவார்கள். ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்து இறுக்குவார்கள். வண்டி அன்றைக்கு இழுக்கும், அப்புறம் லிவர் கல்லாகிக் கேபிள் நடுமேட்டில் அறுந்து போகும். பார்ட்ஸை மெக்கானிக்கே வாங்கி வந்தால் கமிஷனும் உங்கள் தலையில்தான். கே.எல். நம்பரைப் பார்த்தால் கம்பத்தில் ஒரு விலை, டி.என். நம்பருக்குக் கட்டப்பனையில் ஒரு விலை. கம்பெனி சர்வீஸுக்குப் போனால் "செட்டாகத்தான் வரும் சார்" என்று கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொல்வார்கள். தனியாகப் பார்ட் நம்பர் உண்டா என்று கேட்டு, எழுதிக்கொண்டு, நீங்களே கவுண்டரில் வாங்குங்கள்.

இன்னொன்று, செயின். உங்கள் கோளாறு அது இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) பல் தேய்ந்து செயின் தாவினாலும் மேட்டில் இழுவை போகும். அதையும் கிளட்ச் என்று சொல்லிப் பணம் பிடுங்குகிறார்கள். கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் சத்தம் வழவழவென்று ஏறும். செயின் தாவினால் 'கடக் கடக்' என்று உதைக்கும், காலில் தெரியும். பின் ஸ்பிராக்கெட்டின் பின்புறம் செயினை விரலால் இழுங்கள். பல்லை விட்டு எழும்பி வந்தால் கோளாறு அங்கேதான்.

புதுப் பிளேட் போட்டாலும் பழைய பிளேட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கத் தயங்கினால் கவரை மறுபடி திறக்கச் சொல்லுங்கள்.