தாத்தாவின் சைவ சித்தாந்த நூல்கள்: லைப்ரரிதிங்கில் சக வாசகர் யாரும் தெரியவில்லையா?

சொந்தப் புத்தகங்களைப் பட்டியலிடும் தளமான லைப்ரரிதிங்கில் எதையும் மறுபடி ஏற்ற வேண்டாம். உங்கள் பதிவுகளை மற்றவர்களின் பதிவுகளோடு இணைத்தால் போதும்.

400 புத்தகம் பதிந்தும் ஒருவர்கூடப் பொருந்தி வரவில்லை என்றால், அநேகமாகத் தலைப்பின் எழுத்துதான் காரணம். 1970க்கு முந்தைய பதிப்புகளில் ஐஎஸ்பிஎன் (நூலை அடையாளம் காட்டும் எண்) கிடையாது. நீங்கள் ‘சிவஞான போதம்’ என்று தமிழில் அடித்திருப்பீர்கள். இன்னொருவர் ரோமன் எழுத்தில், அதுவும் ஆளுக்கொரு விதமாக. தளத்துக்கு எல்லாம் வேறு வேறு நூல்.

அந்த ஒரு நூலை மட்டும் ரோமன் எழுத்தில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் முதலில் அதன் ஆசிரியர் மெய்கண்டார் பெயரின் வடிவங்களை ஒன்றாக்குங்கள், அப்புறம் ஆசிரியர் பக்கத்திலேயே நூல்களை இணையுங்கள்.

இந்நூலுக்குச் சிவஞான முனிவர் எழுதிய விரிவுரையான மாபாடியத்தை மட்டும் மூலத்தோடு சேர்த்துவிடாதீர்கள். மூலம் 12 சூத்திரம்தான். மாபாடியம் தனி நூல். நான் சேர்த்துவிட்டு, பிரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.