அம்மாவின் கட்டில் கம்பி

அம்மா இரவில் பாத்ரூம் போக எழுகிறார் என்று நர்சிங் ஹோமில் இரண்டு பக்கமும் கட்டில் கம்பியை ஏற்றிவிடுகிறார்கள், இது கட்டிப்போடுவதில் சேருமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், சேரும். அமெரிக்க மத்திய விதிகள் ஊழியர்களின் நோக்கத்தைப் பார்ப்பதில்லை, விளைவைத்தான் பார்க்கின்றன. தானே எழக்கூடியவரைக் கம்பி தடுக்கிறதா, அதை அவரே சுலபமாக இறக்க முடியுமா? புரண்டு படுக்கப் பிடித்துக்கொள்ளும் அரைக் கம்பி என்றால் விஷயம் வேறு.

பாதுகாப்புக்குத்தான் என்பார்கள். ஆனால் ஏறித் தாண்டப் பார்த்தால் அம்மா இன்னும் உயரத்திலிருந்து விழுவார். மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவே தலை சிக்கி முதியவர்கள் இறந்திருக்கிறார்கள். மருத்துவக் காரணம் இல்லாவிட்டால் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது. தாழ்வான கட்டில், நடுராத்திரி ஒருமுறை பாத்ரூம் கூட்டிப்போவது இதையெல்லாம் முயன்றார்களா என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால், நர்சிங் ஹோமில் இருப்பவர்களின் புகார்களைக் கவனிக்கும் மாநில ஆம்பட்ஸ்மனை அழையுங்கள், இலவசம்தான்.