சீனி வருத்தமும் மனசும்: கேட்டவர்களுக்குப் பதில்

எனக்குச் சலரோகம் (நீரிழிவு) வந்து 19 வருடம். கிளிநொச்சிப் பக்கம் உளவளத்துணை வேலை செய்கிறேன். சாப்பாட்டையும் குளிசையையும் பற்றிச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள், இந்த முறை மனசைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். மருந்தின் அளவை மட்டும் உங்கள் டொக்டரிடம் கேளுங்கள், அது என் வேலை இல்லை.

கண்டாவளை, 54 வயது விவசாயி: கிளினிக் நாள் கிட்ட வந்தால் வயிறு கலங்குகிறது. இரண்டு நாள் முதலே சோற்றைக் குறைத்துவிட்டுத்தான் போவேன். சீனி குறைவாகக் காட்டினால் ஏச்சு விழாது. இது பிழையா அக்கா?

அண்ணை, இதைப் பயம் என்றுதான் சொல்லுவேன். எனக்கும் இருந்தது. ஒரு கிளினிக்கில் வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி "உங்களுக்குச் சாக விருப்பமோ?" என்று கேட்டார்கள். அடுத்த இரண்டு தவணையும் நான் அந்தப் பக்கமே போகவில்லை. நட்டம் எனக்குத்தான்.

நீங்கள் செய்வதில் இரண்டு ஆபத்து இருக்கிறது. வெறும் வயிற்றுச் சீனி நல்லாக இருக்கிறது என்று நம்பி டொக்டர் மருந்தை மாற்றாமல் விடுவார். மற்றது, சில குளிசைகளைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடும். எச்பிஏ1சி என்ற சோதனை கடந்த 2, 3 மாதத்துச் சராசரியைக் காட்டுவது. அதை இரண்டு நாள் பட்டினியால் மாற்ற முடியாது.

இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தானே சிறுபோகத்துக்கு எவ்வளவு விதைப்பது என்று கூட்டத்தில் முடிவெடுக்கிறீர்கள்? தண்ணீர் குறைவு என்றால் யாரையும் ஏசுவதில்லை, காணியின் அளவைத்தான் குறைக்கிறீர்கள். உங்கள் இரத்தச் சீனியையும் அப்படிப் பாருங்கள். அடுத்த முறை உள்ளே போனதும், "டொக்டர், ஏச்சு விழும் என்ற பயத்தில் சாப்பிடாமல் வந்திருக்கிறேன்" என்று முதலே சொல்லிவிடுங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் கிளினிக் கொப்பிக்குள் ஒரு துண்டில் எழுதி வையுங்கள்.

இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் உரியதல்ல. நீரிழிவோடு வாழ்வதால் வரும் மனச்சுமையை அளக்க, 1995இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் பொலன்ஸ்கியும் கூட வேலை செய்தவர்களும் 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை வெளியிட்டார்கள். உலகத்தின் பல இடங்களில் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

புதுக்குடியிருப்பு, ஒரு தாய்: 2009இல் மகனை இழந்தேன். மே மாதம் வந்தாலே சீனி ஏறிவிடுகிறது. அழுவதால்தான் ஏறுகிறது, அழாதே என்று மகள் சொல்கிறாள். உண்மையா பிள்ளை?

அம்மா, அழுகையை அடக்குவதால் சீனி இறங்காது. அழுங்கள்.

ஆனால் மே மாதத்தில் ஏறுகிறது என்று நீங்கள் கவனித்தது சரி. ஆபத்து என்று உடம்பு உணர்ந்தால் அட்ரினலினும் கோர்ட்டிசோலும் சுரக்கும். அவை ஈரலில் சேர்த்து வைத்த சீனியை இரத்தத்துக்குள் விடும், இன்சுலினின் வேலையையும் மந்தமாக்கும். ஷெல் விழுந்தபோது பங்கருக்கு ஓட உங்கள் காலுக்குப் பலம் தந்தது அந்தச் சீனிதான். இன்று திண்ணையில் இருந்து பிள்ளையை நினைக்கும்போதும் உடம்பு அதையே செய்கிறது. இப்போது ஓட்டம் இல்லை, அதனால் சீனி இரத்தத்திலேயே நிற்கிறது. அதோடு அந்த நாட்களில் நித்திரை இல்லை, நேரத்துக்குச் சாப்பாடு இல்லை, குளிசையும் மறந்துபோகும். எல்லாம் சேர்ந்துதான் ஏறுகிறது.

அந்தக் கவலையால்தான் வருத்தமே வந்ததா என்றும் எழுதியிருந்தீர்கள். பரம்பரை, வயது, உடல் நிறை என்று சலரோகத்துக்குப் பல காரணம் உண்டு. மகன்மேல் வைத்த பாசத்தின்மேல் பழி போடாதீர்கள்.

சித்திரை மாதக் கிளினிக்கிலேயே, "மே மாதம் எனக்குக் கஷ்டம், சீனி ஏறும்" என்று சொல்லுங்கள். அந்த வாரங்களில் கூடுதலாக ஒன்றிரண்டு தடவை சோதித்துப் பார்க்கலாம். குளிசை கொடுக்கிற பொறுப்பை அந்த மாதம் மட்டும் மகள் எடுக்கட்டும். "அழாதேங்கோ" என்று சொல்வதைவிட அது பெரிய உதவி. முள்ளிவாய்க்கால் நினைவுநாளான மே பதினெட்டாம் தேதி சிரட்டையில் தருகிற கஞ்சியையும் சீனிக்குப் பயந்து தவிர்க்க வேண்டாம். அரிசியும் உப்பும்தானே, அந்த நேரத்துச் சோற்றில் அந்தளவைக் குறைத்துக்கொண்டால் சரி.

ஒட்டுசுட்டான், ஒரு மனைவி: இவர் இன்சுலின் போடுகிறவர். நடுச்சாமத்தில் வியர்த்துக் கொட்ட எழும்பிக் கத்துகிறார், என்னையே அடையாளம் தெரியாதவர்போல் பார்க்கிறார். சண்டைக்கால நினைவு என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைக்கிறேன்.

தங்கச்சி, இதை இன்றைக்கே வாசித்துவிடுங்கள். சண்டைக்காலக் கனவாகவும் இருக்கலாம். ஆனால் இன்சுலின் போடுகிறவர் வியர்த்து, நடுங்கி, குழம்பி எழும்பினால் முதலில் சீனி இறங்கிவிட்டதோ என்றுதான் பார்க்க வேண்டும். வன்னியில் எத்தனையோ பேருக்குக் கெட்ட கனவு இருப்பதால் இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். எனக்கு இதில்தான் பெரிய கவலை.

சீனி பார்க்கிற மெசின் இருந்தால் உடனே குத்திப் பாருங்கள். 70 mg/dLக்குக் கீழே என்றால் இறக்கம். மெசின் இல்லையென்றால் காத்திருக்காமல், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்த பிறகு இரண்டு பிஸ்கட்டோ கொஞ்சச் சோறோ சாப்பிடட்டும். விழுங்க முடியாத நிலை அல்லது மயக்கம் என்றால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் வரும்.

எத்தனை மணிக்கு நடந்தது, இரவில் என்ன சாப்பிட்டார், பகலில் வயலில் கூட வேலையா என்று கொப்பியில் எழுதி, அடுத்த தவணை வரை காத்திராமல் டொக்டரிடம் காட்டுங்கள். சீனி சரியாக இருந்தும் கத்தி எழும்புகிறார் என்றால் அப்புறம் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போவோம். அதற்கும் மருத்துவம் இருக்கிறது. ஒருமுறை இறக்கம் வந்தவர் அந்தப் பயத்தில் ஊசியைத் தானே குறைத்துவிடுவதும் உண்டு, அதையும் மெல்லக் கேட்டுப் பாருங்கள்.

மாங்குளம், ஒரு மகள்: அம்மா முன்பு விடிய எழும்பிக் கோலம் போடுவா. இப்போது முற்றம் கூட்டவும் மனமில்லை. "இருந்து என்ன" என்கிறா. சீனியாலா, மனசாலா?

இரண்டும் இருக்கலாம். சலரோகம் உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காணப்படுகிறது. முன்பு விரும்பியதில் ஈடுபாடு இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் "வயசு" என்று விடக்கூடாது. நீண்ட காலம் மெட்போமின் என்ற சீனிக் குளிசை எடுப்பவர்களுக்கு விட்டமின் பி12 குறைந்தும் இப்படிக் களைப்பும் காலில் விறைப்பும் வரும். தைரொயிட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

"இருந்து என்ன" என்ற சொல்லைக் கடந்து போகாதீர்கள். "அம்மா, சாக வேணும்போல இருக்கா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல், மருந்துகளை உங்கள் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இரவென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் 24 மணி நேரமும் இயங்குகிறது.

முள்ளியவளை: வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனால் ஒருவர் "ஒருநாள்தானே, சாப்பிடு" என்கிறார், மற்றவர் கையைப் பிடித்துத் தடுக்கிறார்.

இருவரிடமும் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரே பதிலைச் சொல்லுங்கள். ஒரு கைப்பிடி பிரசாதத்தைச் சந்தோசமாகச் சாப்பிடுங்கள். ஒளித்துச் சாப்பிடும்போதுதான் அளவும் கூடுகிறது, குற்றவுணர்வும் கூடுகிறது.

மல்லாவி, 23 வயது: 11 வயதிலிருந்து டைப் 1. வேலைத்தலத்தில் கழிவறைக்குள் போய்த்தான் ஊசி போடுகிறேன். வீட்டில் கலியாணம் பேசுகிறார்கள், பெண் வீட்டுக்குச் சொல்ல வேண்டாமாம்.

தம்பி, சொல்லுங்கள். சொன்னதும் விலகுகிற வீடு விலகட்டும், வலிக்கும்தான். மறைத்துக் கட்டினால் கட்டிய நாளிலிருந்து ஊசியை ஒளிக்க வேண்டிவரும், சாப்பாட்டு நேரத்துக்கு ஊசி தவறும். டைப் 1 ஒருவர் செய்த பிழையால் வருவதில்லை, நோய் எதிர்ப்புச் சக்தி கணையத்தின் செல்களைத் தாக்குவதால் வருவது. 1922இல் இன்சுலின் ஊசி வரும்வரை இந்த வருத்தம் வந்த பிள்ளைகள் நெடுநாள் வாழவில்லை. நீங்கள் 12 வருடமாக ஒவ்வொரு நாளும் அதைச் சமாளித்து வேலைக்கும் போகிறீர்கள். பெண் பார்க்கப் போகிற அன்று அம்மா அப்பா பேசட்டும் என்று விடாமல் நீங்களே அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள். வேலைத்தலத்திலும் ஒரு கூட்டாளிக்காவது இன்றே சொல்லி, உங்கள் பையில் சீனி எந்த அறையில் இருக்கிறது என்று காட்டி வையுங்கள்.