ஆள் குறுக்கே வந்தால் கார் தானாகவே நின்றுவிடுமா?

ஆளைக் கண்டு தானாகவே பிரேக் பிடிக்கும் வசதி உள்ள கார் என்றால், பகலில், மெதுவாகப் போகும்போது பெரும்பாலும் நிற்கும். வேகம் கூடினால் நம்பாதீர்கள். உலர்ந்த சாலையில் முழு பிரேக் பிடித்தால் 40 கி.மீ. வேகத்தில் சுமார் 8 மீட்டரில் நிற்கிற கார், 60-இல் 17 மீட்டர் ஓடும். நிற்கும் லாரியின் மறைவிலிருந்து குழந்தை ஓடிவந்தால் அவ்வளவு இடைவெளி கிடைக்காது. ஆனாலும் மோதும் வேகம் குறைவதே உயிரைக் காக்கலாம்.

இருட்டுதான் பெரிய பலவீனம். அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ஐஐஎச்எஸ் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வசதியுள்ள கார்கள் பாதசாரிகள் மீது மோதுவது 27% குறைந்திருந்தது. விளக்கில்லாத சாலையில் இரவில் வித்தியாசமே தெரியவில்லை.

ஆளைக் கண்டறியும் கேமரா பெரும்பாலும் முன்கண்ணாடியின் உள்பக்கம், மேலே இருக்கும். கண்ணாடி மாற்றினால் கேலிபரேஷன் (கேமராவின் கோணத்தைச் சரிபார்த்து அமைப்பது) கட்டாயம்: ஒரு டிகிரி பிசகினாலே 50 மீட்டர் தூரத்து ஆள் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தள்ளித் தெரிவார்.