பொறிவண்டு கேள்வி பதில்: பழனி மலைத் தோட்டக்காரர்களுக்கு

மன்னவனூர்: அவரைச் செடியில் ஆரஞ்சு வண்டு ஒன்றும் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு ஒன்றும் இணைந்திருந்தன. இரண்டும் வேறு இனமா அண்ணா?

ஒரே இனம்தான் தம்பி. ஆறுபுள்ளிப் பொறிவண்டு, சீலோமினஸ் செக்ஸ்மாகுலேட்டா. பெயரில் ஆறு புள்ளி இருந்தாலும் முதுகில் கண்ணில் படுவது நெளிநெளியான கறுப்புக் கோடுகளும் பின்பக்கம் இரண்டு பொட்டும்தான். கோடுகள் தடித்து ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் நடுவில் சின்னத் திட்டுகள்தான் மிஞ்சும். நீங்கள் பார்த்த கறுப்பு அதுதான்.

ஒருமுறை ஒரு முட்டைக் குவியலைப் பாட்டிலில் வைத்து, இதன் இரையான, செடிச் சாறு உறிஞ்சும் அசுவினி மொய்த்த கொழுந்து போட்டு வளர்த்தேன். கூட்டிலிருந்து வந்தபோது எல்லாமே வெளிர் மஞ்சள். இறக்கை ஈரம், ஒரு கோடுகூட இல்லை. சில மணி நேரத்தில் கோடுகள் புகைபோல எழும்பிக் கறுத்தன. ஆரஞ்சு ஏற இன்னும் சில நாள் ஆனது. வெளிறிய வண்டைப் பார்த்தவுடன் புது இனம் என்று முடிவு கட்டாதீர்கள்.

மூன்று பேர்: புள்ளியை எண்ணினால் வயது தெரியுமா?

தெரியாது.

பெருமாள்மலை: கையில் எடுத்தால் மஞ்சள் நீர் விடுகிறதே?

கால் மூட்டு வழியாக வரும் அதன் இரத்தம். கசக்கும், நாறும். குருவிகள் விட்டுவிடும்.

குன்னூர்: தேயிலையில் செஞ்சிலந்திக்கு என்ன செய்வது?

என் துறை இல்லை. வால்பாறையில் தோட்ட முதலாளிகள் சங்கமான உபாசியின் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள்.

பூம்பாறை: நல்ல பூச்சி என்கிறீர்கள். என் உருளை இலையைச் சல்லடையாக்கியது பொறிவண்டுதான்!

அது எபிலாக்னா, இருபத்தெட்டுப் புள்ளி வண்டு. இலை தின்னும் உறவுக்காரன். பளபளப்பு இருக்காது, முதுகில் மெல்லிய ரோமம் இருக்கும். அதன் புழு மஞ்சள் நிறம், உடம்பெல்லாம் கிளைத்த முள். இலைக்கு அடியில் முட்டைக் குவியலைப் பார்த்தால் இலையோடு கிள்ளிவிடுங்கள்.

பூம்பாறை: அரை ஏக்கரில் கிள்ள ஆள் ஏது? மருந்துதான் அடிப்பேன்.

உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் கண்டபடி அடித்தால் அசுவினி தின்னும் வண்டும் சேர்ந்து சாகும். அசுவினி இணை சேராமலே குட்டி போடும், அந்தக் குட்டி பத்து நாளில் தானும் போடும். பொறிவண்டு முட்டையிலிருந்து வண்டாக மூன்று வாரம், நம் குளிரில் இன்னும் கூடும். யார் முதலில் திரும்பி வருவார்கள் என்று பாருங்கள். பாதித்த பாத்தியில் மட்டுமாவது கிள்ளிப் பாருங்கள்.

வேறொருவர்: புள்ளிக்கும் வயதுக்கும்...

மேலே பதில் இருக்கிறது.

பூம்பாறை: சரி, பாத்தியில் இறங்கினேன். பக்கத்து அவரையில் கறுப்பாக, குட்டி முதலை மாதிரி ஒரு புழு ஊர்கிறது. நசுக்கவா?

வேண்டாம் அண்ணா! முள் கிளைக்காமல் இருந்தால் அது நம் பொறிவண்டின் புழு. எங்கே போகிறது என்று பாருங்கள், அசுவினிக் கூட்டத்துக்குத்தான் போகும்.